மிக்கேல்ராஜுக்கு வந்த சக்கரை

– இந்த விரல் போதும் ஐயா. அந்தக் கையைக் குடுங்க, இன்னொரு தடவை குத்திப் பாக்குறேன்.

– குத்துங்க நர்கீஸம்மா. கண்டக்டர் கை. டிக்கெட்டு கிழிச்சுக் கிழிச்சு ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. ரேசன் கடை மெஷினு நான் பொறக்கவே இல்லைங்குது.

– காலையில என்ன சாப்பிட்டேன்னு சொன்னீங்க?

– பஸ் ஸ்டாண்டுல நாலு இட்லி. மேல ரெண்டு சிறுமலை வாழப்பழம். அங்கனயே ஒரு டீ, சீனி தூக்கலா.

– சக்கரை வியாதிக்கு என்ன சாப்பிடலாம்னு எங்கிட்ட கேக்க வர்ற வழியில, சீனி தூக்கலா டீ.

– ரைட்டு.

– அப்படியும் ரெண்டு கையிலயும் நூத்திப் பத்துதான் காட்டுது. சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்கு இது ரொம்ப நல்ல அளவு. எனக்கே இப்படி இருக்காது.

– மெஷினு பழசா இருக்கும். எங்க பஸ்ஸுல ஒரு மீட்டர் இருந்துச்சு, அகரம் போயிட்டு வந்தா பின்பக்கமா ஓடும். நான் ரிட்டயர்டு ஆகுறப்ப அந்தப் பஸ்ஸு வாங்குனதை விடப் புதுசா இருந்துச்சு. கம்பெனிக்காரன் வந்து ரோட்டுக்கு வராத வண்டின்னு திருப்பி எடுத்துட்டுப் போயிட்டான்.

– மெஷின் போன வாரம் வாங்குனது ஐயா. வெளிய பேரு எழுதுறப்ப, கால்ல புண்ணு, ஆறலைன்னா விரலை எடுத்துருவேன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு சொன்னீங்களாம். செருப்பைக் கழட்டுங்க.

– கழட்டலாம். பிரயோசனம் இல்ல.

– ஏன்?

– புண்ணு இருக்குற காலு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கு. அன்னாள்னு பேரு. என் சம்சாரம்.

– அப்ப சக்கரை அவங்களுக்கா?

– பல வருஷமா. எனக்குப் போன தவக்காலத்துலதான் வந்துச்சு.

– உங்களுக்கு எங்க ஐயா வந்துச்சு? யாரு சொன்னா?

– நான்தான் சொன்னேன். அவகிட்ட.

– எனக்கு ஒண்ணும் புரியல. செத்த நேரம் பஸ்ஸை விட்டுட்டு நேரா சொல்லுங்க.

– சொல்றேன் தாயி. மாத்திரை போடுறதுல அவ சுத்தம், ஒரு நாள் தவறாது. சோத்துலதான் வம்பு. டாக்டரு உணவுக் கட்டுப்பாடுன்னு சொன்னா தலையாட்டிட்டு வருவா. வீட்டுக்கு வந்தா, நான் ஒருத்திக்கு எதுக்குத் தனியா ஒலை வெச்சுக்கிட்டு, மிஞ்சுனதைத் தின்னுக்கிறேங்குறா. வீட்டுல ஆக்குறது எனக்குப் பிடிச்சது. மல்லியப்பூ மாதிரி சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஞாயித்துக்கிழமை சீரகச் சம்பா பிரியாணி. நான் எந்திரிச்ச பொறவு, மூணு மணிக்குச் சட்டிய வழிச்சுத் திம்பா.

– காலை மாத்திரையைப் போட்டுட்டு மூணு மணி வரைக்கும் பட்டினியா?

– அப்படித்தான் ஒருநா கோயில்ல பூசை நடக்கையில சாஞ்சுட்டா. பக்கத்துல நின்ன சனம் இவளுக்கு மாதா காட்சி குடுத்துட்டாங்கன்னு மெழுகுதிரி ஏத்திருச்சு. ரெண்டு பேரு இவ சேலையத் தொட்டு முத்தம் குடுத்தாங்க. கண்ணு முழிச்சவகிட்ட, மாதா என்ன சொன்னாங்கன்னு கேட்டதுக்கு, டீ கேட்டாங்கன்னு சொல்லியிருக்கா.

– சிரிக்கிற விஷயமில்ல ஐயா. அது சுகர் இறங்கிப் போனது. ஆபத்து.

– தெரியும். அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனேன். சாயங்காலம் வீட்டுக்குள்ள போயி செவத்தைப் பிடிச்சுக்கிட்டு, அன்னாளு, எனக்கும் வந்திருச்சுன்னேன். விடிஞ்சா வெள்ளைச் சோத்தைக் காணோம். கம்பு வந்துச்சு, கீரை வந்துச்சு. தனக்குன்னு ஒரு நாளும் செய்யாததை எனக்குன்னா பாஞ்சு செய்யிறா. தனியா சாப்பிட்டா எனக்கு மறந்து போகுது, நீயும் கூட உக்காருன்னு சொல்லிட்டேன். உக்காருறா.

– உங்களுக்கு மாத்திரை? கேக்க மாட்டாங்களா?

– பெப்பர்மிண்டு. சட்டைப் பையிலயே கெடக்கும். வேளைக்கு ரெண்டு, தண்ணியோட முழுங்கிருவேன்.

– சக்கரைக்கு மருந்து சக்கரை மிட்டாய்.

– ரைட்டு.

– அவங்க நம்புறாங்களா?

– கல்யாணத்தப்போ மலைக்கோட்டையில பாதி எங்க தாத்தாவோடதுன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் பத்திரத்தைக் காட்டுன்னு கேக்காத பொம்பளை அவ.

– இம்புட்டு ஒழுங்கா சாப்பிட்டும் புண்ணு ஏன் ஆறல? வீட்டுல என்னதான் நடக்குது, சொல்லுங்க.

– காலையில பெரிய சொம்பு நெறைய கம்மங்கூழ். சிறுதானியம் எம்புட்டுக் குடிச்சாலும் ஏறாதாம். காப்பிக்குச் சீனி கெடையாது, கருப்பட்டி மட்டும். சக்கரை வியாதிக்குக் கருப்பட்டி ஒண்ணும் கெடுதல் பண்ணாதுன்னு சொல்லிக்கிறாங்க.

– அங்கதான் இடிக்குது. கருப்பட்டியும் ஏத்தும், வெல்லமும் ஏத்தும். கம்பு நல்லதுதான், சொம்புல குடிச்சா அதுவும் அரிசி பண்ணுற வேலையத்தான் பண்ணும். பழம் குடுக்குறாங்களா?

– பழத்தைக் கண்ணுல காட்டுறதில்ல. அதுக்குத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒதுங்குறேன்.

– அவங்களைக் கூப்பிடுங்க, நானே சொல்றேன். ஆனா ஒண்ணு. உங்களுக்குச் சக்கரை இருக்குன்னு என் வாயால பொய் சொல்ல மாட்டேன். இந்த வேலையில அது கூடாது.

– சொல்ல வேணாம் தாயி. என்னைப் பாத்துப் பேசுங்க, போதும். அவ காதுல விழுகணும், அம்புட்டுதான். வர்ற வாரம் டாக்டரு அந்தச் சின்ன விரலைப் பாத்து முடிவு சொல்றேன்னுருக்காரு. ஏய் அன்னாளு, உள்ள வா.

– வாரேன் வாரேன். காலை இழுத்துக்கிட்டுல வரணும். இவரு ஒழுங்கா பதில் சொன்னாரா மேடம்? பஸ்ஸு கதை சொல்லியிருப்பாரே.

– சொன்னாரு அம்மா, உக்காருங்க. ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. தட்டுல மொதல்ல பாதியைக் காய்க்கு விட்ருங்க. அவரையோ, வெண்டையோ, கீரையோ. கால்வாசி சோறு, இல்ல கம்பு, ஏதாவது ஒண்ணு. மிச்சக் கால்வாசிக்குப் பருப்பு, முட்டை, மீனு. காய், பருப்புன்னு வெஞ்சனத்தைக் கொஞ்சம் தின்னுட்டு அப்புறம் சோத்துல கை வைங்க.

– அப்ப இவருக்குக் கூழு?

– கூழுக்குப் பதிலா கம்பந்தோசை ரெண்டு ஊத்துங்க, தொட்டுக்கச் சாம்பார். கருப்பட்டிய நிறுத்திருங்க. சாயங்காலம் பசிச்சா சுண்டல். பழத்தைப் பயந்து ஒதுக்க வேணாம், ஒரு சின்னக் கொய்யா தின்னலாம். மாத்திரை போட்டுட்டு யாரும் பட்டினி கெடக்கக் கூடாது.

– பிரியாணி, தாயி?

– எப்பவாச்சும் ஒரு சின்னக் கிண்ணம் ஐயா. கறி கூட, சோறு கம்மி, வெங்காயப் பச்சடி நெறைய. மறுசோறு கெடையாது.

– கேட்டியா அன்னாளு, எனக்கு மறுசோறு கெடையாதாம்.

– கேட்டேன், கேட்டேன். இவரு நாக்கைக் கட்டுறது என் பாடு மேடம். எனக்கென்ன, எதுனாலும் தின்னுக்குவேன்.

– ஐயா, கீழ மருந்துக் கடையில அம்மா கால்ல கட்டுறதுக்குத் துணிக் கட்டு வாங்கிட்டு வாங்க. நான் புண்ணைப் பாத்துக்கிறேன்.

– ரைட்டு. அந்தக் கடைக்காரன் ஒரு தடவை எங்க பஸ்ஸுல...

– போயிட்டு வாங்க ஐயா.

– மெதுவா அவுருங்க மேடம். கூசுது.

– பயப்படாதீங்க அம்மா. ஓரமெல்லாம் செவப்பா தசை வளந்து வருது. நடுவுலதான் இன்னும் கொஞ்சம். கூழையும் கருப்பட்டியையும் விட்டீங்கன்னா இன்னும் சீக்கிரம் கூடும்னு நெனைக்கிறேன். டாக்டர் பாத்துச் சொல்லட்டும்.

– விரலு தப்பிச்சிருமா?

– வழி இருக்கு. இதே மாதிரி நேரத்துக்குச் சாப்பிடணும்.

– சரி. அவருக்கு மெஷினு எம்புட்டுக் காட்டுச்சு?

– அது வந்து, அம்மா...

– நல்லாத்தான் காட்டியிருக்கும். அவரு சட்டைய யாரு தொவைக்கிறா? நான்தான. தெனமும் பையில ஒரு படை எறும்பு. எனக்கும்தான் மாத்திரை டப்பா அலமாரியில கெடக்கு, அதை ஒரு எறும்பு எட்டிப் பாத்ததில்ல.

– தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க? அவருக்காகத் தனியா இம்புட்டு மெனக்கெட்டு ஆக்குறீங்க.

– கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு தின்னு எந்திரிச்ச பொறவு, அடுப்படியில ஒத்தையில உக்காந்து தின்னவ நான். இப்ப ரெண்டு தட்டு எடுத்து வைக்கிறாரு மேடம், அவரு கையால. என் தட்டுல சோறு விழுந்துச்சான்னு பாத்துட்டுத்தான் தன் தட்டுல கை வைக்கிறாரு. நேத்து மீன்ல முள்ளெடுத்து வெச்சாரு.

– ஒரு வார்த்தை அவருகிட்ட சொல்லிறலாமே அம்மா. பாவம், பெப்பர்மிண்டு முழுங்கிட்டுத் திரியிறாரு.

– அந்தா, படியேறி வாராரு. விரலு ஆறிருச்சுன்னா ஆறிருச்சுன்னு சொல்லுங்க, பரவாயில்ல. அவரு சக்கரை கொணமாயிருச்சுன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க.