பின்பக்கத்து விளக்கு

— பேட்டரி இன்னும் இறங்குது மாமா. உள்ள ஒரு லைட்டு எரியல, ஃபேன் ஓடல, தண்ணி மோட்டாரையும் நிறுத்திட்டேன். அப்பவும் மீட்டர் முள்ளு பூஜ்யத்துக்கு வரமாட்டேங்குது.

— முள்ளு பழசா இருக்கும் மருமகளே. என்னை மாதிரி. எந்திரிச்சா உக்கார முடியாது, உக்காந்தா எந்திரிக்க முடியாது.

— விளையாடாதீங்க. நேத்து ராத்திரி பாதியில பேட்டரி இறங்கிப்போய் உங்க மிஷின் நின்னுச்சே, அப்ப நீங்க இழுத்த இழுப்பு இன்னும் என் காதுல கேக்குது.

— அது கனவு. லோடு ஏத்தின லாரிய மேட்டுல ஏத்துற மாதிரி ஒரு கனவு. கியர் விழல, அவ்வளவுதான்.

— கனவு கண்டா உதடு நீலமாகுமா? டாக்டர் என்ன சொன்னாரு? தூங்குறப்ப மூச்சு நின்னு நின்னு வருது, மிஷினை மாட்டாம ஒரு ராத்திரிகூட படுக்கவிடாதீங்கன்னாரா இல்லையா?

— சொன்னாரு. அவரு வீட்டுல கரண்ட் இருக்கு. சொல்லுவாரு.

— இங்க இல்லையே. ரோடு போடுற இடத்துக்குப் பக்கத்துலயே குடும்பம் இருக்கட்டும்னு உங்க மகன் இந்த டிரெய்லர் வீட்டை வாங்கி, இழுத்துக்கிட்டு வந்து இந்தப் பொட்டல்ல நிறுத்திட்டாரு. காலையில பாதி பேட்டரி ஏத்தினதுமே நின்னுபோன ஜெனரேட்டரையும் ரிப்பேருக்குத் தூக்கிக்கிட்டுப் போயாச்சு. நாளைக்குத்தான் கொண்டாருவாரு.

— மேல சோலார் தகடு இருக்கே.

— வானத்தைப் பார்த்தீங்களா? வந்ததுலேர்ந்து மூட்டம். தகடு தர்ற கரண்ட் செல்போனுக்கே காணாது. பேட்டரியில இருக்கிறதைப் பொத்திப் பொத்தி வச்சு இன்னைக்கு ராத்திரிய ஓட்டியாகணும். விடியிறவரைக்கும் மிஷின் நிக்கக்கூடாது. அதுக்கு மேல எனக்கு எதுவும் வேண்டாம்.

— உன் கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இவ்வளவு கவலையா இருந்து நான் பார்க்கல.

— அன்னைக்கு உங்க மகன் மூஞ்சிய ஒழுங்காப் பார்க்கல, அதான்.

— அடேயப்பா! சரி கேளு. லாரியில பேட்டரி உக்காந்துபோனா நாங்க எப்படித் திருடனைப் பிடிப்போம்னா, ஃபியூஸை ஒண்ணொண்ணா பிடுங்குவோம். எதைப் பிடுங்கினா முள்ளு விழுதோ அவன்தான் திருடன். நீ பிடுங்கு. நான் முள்ளைப் பார்க்கிறேன்.

— கண்ணாடியைப் போட்டுக்கங்க. இது உள் லைட்டு.

— அசையல.

— இது ஃபேன்.

— ஊஹூம்.

— இது கேஸ் கசிஞ்சா கத்துற பெட்டி.

— ஒரு துளி இறங்குச்சு. அது பாவம், காவல்காரன். கூலிக்குக் குடிக்கட்டும், திரும்பப் போட்டுடு.

— போட்டுட்டேன். தண்ணி மோட்டார். ஹீட்டர். ரேடியோ. இதுதான் கடைசி.

— நின்ன இடத்துலயே நிக்குது மருமகளே. ஃபியூஸுக்குள்ள வராம எவனோ நேரா பேட்டரியிலயே வாய வச்சு உறிஞ்சிக்கிட்டிருக்கான்.

— வாய வச்சுன்னெல்லாம் சொல்லாதீங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

— ஏன், பேய்க்கு பன்னெண்டு வோல்ட் போதுமா?

— மாமா!

— சரி சரி. பேட்டரிப் பெட்டியைத் திற. முனையில என்ன மாட்டியிருக்குன்னு பாரு.

— தடிமனா ரெண்டு வயர் இருக்கு. அது நம்ம வயர். அதுக்கு அடியில... இருங்க. மெல்லிசா ஒண்ணு சுத்தியிருக்கு. கறுப்பு. தரையோட ஒட்டி உள்ள போகுது. உங்க கட்டிலுக்கு அடியில.

— என் கட்டிலுக்கு அடியிலயா? நான் ஒண்ணும் பண்ணலம்மா.

— காலைத் தூக்குங்க. இங்க வந்து சுவத்துல ஏறுது. அப்புறம் காணோம். ஜன்னல் திரைதான் இருக்கு... ஐய, திரைக்குள்ள கனமா இருக்கு மாமா. மடிப்புக்குள்ள வயரை வச்சுத் தச்சிருக்காங்க! தையல் எவ்வளவு நெருக்கம் பாருங்க, நகத்தால நெருடினாக்கூடத் தெரியல.

— டிரெய்லரை நமக்கு வித்தது தையல்காரம்மாதானே. கைவேலை அவங்களோடதுதான். வெளிய எங்க போகுது?

— பின்பக்கம். அந்தப் பக்கம் நான் போனதே இல்ல. வந்த அன்னைக்கே புதர்ல முதுகை ஒட்டி நிறுத்திட்டாரு உங்க மகன். இருங்க, பார்த்துட்டு வர்றேன்.

— செருப்பைப் போட்டுக்கிட்டுப் போ. ...என்னம்மா, சத்தத்தையே காணோம்? ஜன்னல் கிட்ட வந்து பேசு.

— இங்கதான் இருக்கேன் மாமா. பல்பு. கூரை விளிம்புக்கு அடியில ஒரு பல்பு எரியுது. பழைய கார் பல்பு. ஆ, சுடுது!

— பகல்லயா எரியுது?

— பகல்லயும்தான். சுவிட்சு, கிவிட்சு ஒண்ணும் கிடையாது. வயரு நேரா வந்து நேரா முடியுது. கண்ணாடியெல்லாம் கருகிப்போயிருக்கு.

— வாங்கப் போனப்ப நாம பார்க்கலையே.

— அப்ப அவங்க வீட்டு முற்றத்துல சுவத்தோட ஒட்டி நின்னுச்சு. கரண்ட்ல சொருகியிருந்துச்சு. உள்ள ஊத்த ஊத்த இது குடிச்சிருக்கு, யாருக்குத் தெரியும்? இங்க வந்ததும்தான் நம்ம குடத்துல வாய வச்சிருச்சு.

— இப்ப நீ சொல்ற, வாய வச்சிருச்சுன்னு.

— உங்க வாய்தான் எனக்கும் ஒட்டிக்கிச்சு. கட்டிங் பிளேயரை ஜன்னல் வழியாக் குடுங்க, வெட்டிடறேன்.

— அவசரப்படாத. ஒருத்தங்க திரைக்குள்ள வச்சுத் தைக்கிற அளவுக்கு மெனக்கெட்டிருக்காங்கன்னா ஏதோ காரணம் இருக்கும். போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுடு. சத்தமா வை, நானும் கேக்குறேன்.

— இங்க சிக்னலு ஒரு கோடு வருது, போகுது. ...அடிக்குது. ஹலோ, தையல்காரம்மாவா? நான் உங்க டிரெய்லரை வாங்கினவரோட வீட்டுக்காரி பேசுறேன்.

— சொல்லுங்கம்மா. நல்லா இருக்கீங்களா? பாருங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன். ராத்திரியில நல்லாத் தூங்குறீங்களா எல்லாரும்?

— அதுலதாங்க பிரச்சனை. பேட்டரி நிக்கவே மாட்டேங்குது. தேடிப் பார்த்தா பின்னாடி ஒரு பல்பு எரியுது.

— அணைச்சிடலையே?

— இன்னும் இல்ல.

— அணைக்காதீங்கம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். உங்க வீட்டுக்காரர் வந்தப்பவே சொல்ல வாயெடுத்தேன். சொன்னா வாங்கமாட்டீங்களோன்னு முழுங்கிட்டேன்.

— என்ன விஷயங்க?

— எங்க வீட்டுக்காரர் போனது அந்தப் பக்கமாத்தான். அப்ப மலையடியில வண்டிய நிறுத்தியிருந்தோம். கரண்டெல்லாம் கிடையாது. சாயங்காலம், தண்ணி எடுத்தாறேன்னு கேனைத் தூக்கிக்கிட்டு வண்டிக்குப் பின்னாடியா நடந்து போனாரு. பேட்டரி தீர்ந்து கிடந்துச்சு. வண்டியில ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. இருட்டிருச்சு. கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை போச்சு. அதுக்கப்புறம்தான் பாருங்க, நானே ஏறி அந்த பல்பை மாட்டினேன். எந்த நேரமும் அது... ஹலோ? கேக்குதாம்மா? ஹலோ...

— ஹலோ! ஹலோ! ...போச்சு. கோடு ஒண்ணுமே இல்ல.

— த்சொ த்சொ. பாவம்.

— ஆமா மாமா. பாவம்தான்.

— உள்ள வா. பிளேயரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

— அப்ப பல்பு?

— எரியட்டும். ஒருத்தன் இருட்டுல வழி தெரியாம போயிருக்கான். திரும்பி வர்றதுக்கு ஒரு அடையாளம்னு அந்தம்மா மாட்டி வச்சிருக்கு. அதைப் போய் நாம அணைக்கிறதா?

— உங்க மிஷின்?

— உக்காந்தே விடியவச்சிடுவேன். ஸ்டியரிங் பிடிச்ச உடம்பு இது.

— நேத்தும் இதே வசனம்தான். உக்காந்தபடியே தலை தொங்கிப்போச்சு உங்களுக்கு.

— கேளு மருமகளே. ஒரு தடவை மழையில வண்டி படுத்துருச்சு. கிளீனரும் இல்ல, தனியாள். நடந்தேன். எந்தப் பக்கம் போறேன்னு தெரியல. தூரத்துல ஒரு கடையில லைட்டு. கடையைச் சாத்தினவன் அதை மட்டும் அணைக்க மறந்துட்டான். அதைப் பிடிச்சுக்கிட்டே வந்து சேர்ந்தேன். அன்னைக்கு அது இல்லன்னா உனக்கு மாமனும் இல்ல, புருஷனும் இல்ல.

— அவரு காணாமப் போனது எங்கயோ ஒரு மலையடியில. நாம நிக்கிறது எங்கயோ. இந்த பல்பைப் பார்த்து அவரு எப்படி வருவாரு?

— நடக்கிறவன் எங்க நடக்கிறான்னு உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?

— மாமா, முகம் தெரியாத ஒருத்தருக்காக உங்களை விட்டுக்குடுக்க என்னால முடியாது. எனக்கு அப்பா முகமும் தெரியாது. உங்க வீட்டுக்கு வந்தப்புறம்தான், சாப்பிட்டியான்னு கேக்க ஒரு ஆம்பளைக் குரல் கிடைச்சுது. மாமான்னுதான் கூப்பிடறேன். உள்ளுக்குள்ள என்னன்னு கூப்பிடறேன்னு உங்களுக்குத் தெரியாதா?

— அழுதா மூக்கு சிவந்துரும் மருமகளே.

— சொல்லுங்க. தெரியாதா?

— தெரியும். கண்ணைத் துடை. இந்தா, பிளேயரைப் பிடி, வெட்டு.

— நாளைக்கு ஜெனரேட்டர் வந்ததும் முதல் வேலையா ஒட்டிடறேன். சத்தியமா. ...வெட்டிட்டேன். முள்ளு?

— விழுந்துருச்சு. காவல்காரன் குடிக்கிற அந்த ஒரு துளிதான் மிச்சம். படுத்த பிள்ளை மாதிரி கிடக்கு. ஆனா அடேயப்பா, இந்த ஜன்னல் பக்கம் எவ்வளவு இருட்டு! அந்த வெளிச்சம் திரை வழியா உள்ளயும் வந்துக்கிட்டிருந்திருக்கு. நான் நிலான்னு நினைச்சேன்.

— மூட்டத்துல ஏது நிலா? சரி, பொழுதும் சாய்ஞ்சிருச்சு, நீங்க இப்பவே கொஞ்சம் படுங்க. நேத்து ராத்திரி சரியாத் தூங்கல. மிஷினைப் போட்டுவிடறேன். மூக்குல மாட்டிக்கங்க. வார் இறுக்கமா இருக்கா?

— இருக்கு. யானைக்கு மாட்டின மாதிரி இருக்கு.

— யானை இவ்வளவு பேசாது. நான் ரோட்டு மேடு வரைக்கும் போய் உங்க மகனுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன். அங்கதான் சிக்னல் கிடைக்கும்.

— போய்ட்டு வா. கதவை லேசாச் சாத்திட்டுப் போ. பூட்டாத.

— ...ஹலோ? நான் அவரைக் கூப்பிட எடுத்தா நீங்க வர்றீங்க. தையல்காரம்மாவா?

— நான்தாம்மா. எத்தனை தடவை அடிச்சேன், போகவே மாட்டேங்குது. பல்பு எரியுதா?

— மன்னிச்சுக்கங்க. எங்க மாமாவுக்கு ராத்திரியெல்லாம் மூச்சு மிஷின் ஓடணும், பேட்டரி காணாது. வெட்டிட்டேன். நாளைக்கே ஒட்டிடறேன். அவரு வந்தாருன்னா நாங்களே உக்காரவச்சு, சாப்பாடு போட்டு, உங்க வீட்டுல கொண்டாந்து விடறோம்.

— யாரு வந்தா?

— உங்க வீட்டுக்காரர். அவரு வழி பார்த்து வரணும்னுதானே...

— ஐயோ. நான் பேசினது பாதிதான் கேட்டுச்சா உங்களுக்கு? அவரு கிடைச்சுட்டாரும்மா. மறுநாளே. தண்ணிக்குள்ள கிடந்தாரு. நான்தான் மூஞ்சியத் துடைச்சுவிட்டேன். எல்லாம் முறைப்படி முடிச்சு அனுப்பியாச்சு.

— அப்ப... பல்பு எதுக்கு?

— அனுப்பின அன்னைக்குச் சாயங்காலமே திரும்ப வந்துட்டாரு. நனைஞ்சு போய். தள்ளிப் படு, குளிருதுன்னாரு. பாருங்க, வெளிச்சம் இருந்தா புதருக்கு அந்தப் பக்கமே நின்னுடறாரு. இருட்டா இருந்தாத்தான் உள்ள வர்றாரு. வரக்கூடாதுன்னுதாம்மா மாட்டினேன்.

— என்னங்க சொல்றீங்க...

— கெட்ட மனுஷன் இல்லம்மா. உசிரோட இருந்தப்பகூட ஒரு வார்த்தை அதட்டினதில்ல. வந்து பக்கத்துல படுப்பாரு, அவ்வளவுதான். ஒருநாள் பல்பு பீஸ் போச்சு, நான் கவனிக்கல. அன்னைக்கு அந்தக் கட்டில்ல எங்கம்மா படுத்திருந்தாங்க. காலையில எழுப்புறேன், எந்திரிக்கல. வண்டிய வித்துட்டா என்னை விட்டுடுவாருன்னு நினைச்சேன். விட்டுட்டாரு. வண்டியைத்தான் விடல போலிருக்கு. அங்க இருட்டிருச்சாம்மா?

— இருட்டிக்கிட்டிருக்கு.

— வண்டிக்குள்ள யாரு இருக்கா?

— மாமா... மாமா! மாமா, எந்திரிங்க! வெளிய வாங்க! காது கேக்குதா? நான் ஓடி வர்றேன், நீங்க அதுக்குள்ள எந்திரிச்சு வெளிய வாங்க! அந்தக் கட்டில்ல இருக்காதீங்க மாமா! ...இதோ வாசலுக்கு வந்துட்டேன், மாமா!

— மெதுவா மருமகளே, கத்தாத. மனுஷன் நனைஞ்சு போய் வந்து இப்பத்தான் படுத்தாரு. இவருக்கு மூச்சே இல்ல பாவம், என் மிஷினைக் கழட்டி இவருக்கு மாட்டிவிட்டிருக்கேன்.