சடைச்சி தின்ன செடி

அது வெள்ளைக்காரன் ராஜாவா இருந்த காலம். மலைக்கு ரோடு கிடையாது. கொல்லிமலை மேல ஊத்துக்குழின்னு ஒரு ஊர். அங்க சடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். நாங்க அவ வம்சம். அவளைச் சாமி மாதிரி சொல்லுவாங்க. சாமியெல்லாம் இல்லை. பயந்தவ. பயத்துலதான் அதைச் செஞ்சா.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். காட்டுல இருக்கிற எந்தச் செடிக்கும் சும்மா பேர் வச்சிட முடியாது. யாராவது ஒருத்தர் முதல்ல அதைத் தின்னணும். தின்னுட்டுப் பொழுது சாயற வரைக்கும் ஊர் முன்னாடி உக்காந்திருக்கணும். உயிரோட எழுந்தா, செடிக்கு அவங்க பேர். எழுந்திரிக்கலைன்னா செடிக்குப் பேர் கிடையாது. ஊத்துக்கு மேல ஊதாப் பூ பூக்கிற செடி ஒண்ணு அப்படிப் பேர் இல்லாம நின்னுச்சாம். அதைத் தின்ன ரெண்டு பேரும் எழுந்திரிக்கலை.

அப்ப ஒரு துரை வந்தாராம். செடியைப் பிடுங்கிக் காகிதத்துக்கு நடுவுல வச்சு அமுக்குறதுதான் அவர் வேலை. செடித் துரைன்னாங்க. அவர் பேச்சைத் தமிழ்ல சொல்ல, தெய்வநாயகம்னு ஒரு துபாஷி கூட வந்தார். வழி காட்ட, சடைச்சி புருஷன் சீரங்கன் போனான்.

துரை ஊதாப் பூவைப் பார்த்தார். அப்படியே மண்டி போட்டுட்டாராம். இதுக்கு என்ன பேர்னு கேட்டார். சீரங்கன் உள்ளதைச் சொன்னான், பேர் இல்லை சாமின்னு. ஏன் இல்லைன்னு சொல்லவும் வாயைத் திறந்தான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு துபாஷி அடக்கிட்டார். யாரும் பேர் வைக்காத புதுச் செடின்னு துரைக்குத் தலைகால் புரியலை. மூணாம் நாள் மெட்ராஸை ஆள்ற லாட்டு துரை மலைக்கு வரார், அவர் பேரையே இதுக்கு வச்சிடறேன், அவர் மனசு வச்சாத்தான் நான் இன்னும் நாலு மலை ஏற முடியும்னாராம்.

சீரங்கன் வீட்டுக்கு வந்து சொன்னான். சடைச்சிக்குக் கை கால் ஓடலை. லாட்டு துரை பேர்னா லாட்டு துரைதானே திங்கணும்? தின்னா செத்துப்போவார். செத்தா, செடியைக் காட்டினவனைத்தானே தூக்குல போடுவாங்க? ஊர்ல யாரைக் கேட்டாலும் அதையேதான் சொன்னாங்க. வேற எப்படிச் சொல்லுவாங்க? பேர்னா அவங்களுக்கு அதுதான்.

முதல் நாள் கூடாரத்துக்கு ஓடினா. துபாஷி அவளைப் பார்க்க ஒத்துக்கலை. ரெண்டாம் நாள் ஓடினா. ஐயா, லாட்டு துரை அதைத் திங்க விடாதீங்கன்னு கால்ல விழுந்தா. துபாஷி, இவ விருந்துச் சமையலைச் சொல்றான்னு நினைச்சுக்கிட்டு, லாட்டு துரை என்ன திங்கணும்னு நீ சொல்றியான்னு விரட்டிட்டார். சீரங்கன், ஓடிப்போயிடலாம்னான். எங்க ஓடுறது? அன்னைக்கு அந்த வீட்டுல அடுப்பு எரியலை.

மூணாம் நாள் லாட்டு துரை டோலியில வந்து இறங்கினார். நாற்காலி போட்டாங்க. செடித் துரை அந்தச் செடியை ஒரு வெள்ளித் தட்டுல வச்சு, குனிஞ்சு, அவர் முன்னாடி நீட்டினார்.

ஊர்க் கூட்டத்துல நின்னு தட்டைப் பார்த்தா சடைச்சி. அவ்வளவுதான், ஓடினா. காவல்காரன் சேலையைப் பிடிச்சான். பிடிச்சவனையும் இழுத்துக்கிட்டு ஓடினா. தட்டுல இருந்த இலையை அள்ளி வாயில போட்டு மென்னு முழுங்கிட்டா. துபாஷியைப் பார்த்துச் சொன்னாளாம்:

"தின்னுட்டேன். இனிமே இதுக்கு என் பேரு. அவரைத் திங்க வேணாம்னு சொல்லுங்க. எம் புருசனை விட்டுடுங்க."

துபாஷி அதை இங்கிலீஷ்ல சொன்னார். லாட்டு துரைக்குப் புரியவே இல்லையாம். நான் எதுக்கு இதைத் திங்கணும்னு கேட்டாராம். அப்பத்தான் துபாஷிக்கே விஷயம் விளங்குச்சு.

"அடிப் பைத்தியக்காரி, அவர் தொடக்கூட மாட்டார். பேரைப் புத்தகத்துல எழுதுறதோட சரி."

சடைச்சிக்கு அதுக்குள்ள நாக்குத் தடிச்சிடுச்சு.

"திங்காதவர் பேரு எதுக்கு?"

துரைமாருங்க கூடாரத்துக்குள்ள போயிட்டாங்க.

சீரங்கன் அவளைத் தோள்ல போட்டு ஊர் எல்லைப் பாறைக்குக் கொண்டுவந்தான். விஷத்தைக் கக்க வைக்க வீட்டுக்கு வீடு சாமைக் கஞ்சி வந்துச்சு. ஊத்தினாங்க, கக்கினா. மறுபடி ஊத்தினாங்க, மறுபடி கக்கினா. கண்ணு சொருகும்போதெல்லாம் மாமியார் கன்னத்துல தட்டினாளாம்.

"நீ செத்தேன்னா பாருடி, நாளைக்கே எம் மவனுக்கு வேற ஒருத்தியைக் கட்டி வச்சிடுவேன்."

சொல்றா, அழுறா. சொல்றா, அழுறா. சூரியன் நகரவே மாட்டேன்னுச்சாம். சீரங்கன் பாறை நிழலையே பார்த்துக்கிட்டு நின்னானாம். பக்கத்துல வந்து நிக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

சடைச்சி செத்துட்டான்னு சொன்னா கேக்குறவங்களுக்குப் பிடிக்கும். ஆனா சாகலை. பொழுது சாஞ்சதும் பாறையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னா. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் எந்தச் சோத்துலயும் அவளுக்கு ருசி தெரியலையாம். சீரங்கனைத் தேடி யாரும் வரலை. மறுநாளே கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

அந்தப் பாறைதான் கஞ்சிப்பாறை. தை மாசம் பொம்பளைங்க அதுமேல சாமைக் கஞ்சி ஊத்துறது இதுக்குத்தான். செடித் துரை புத்தகத்துல லாட்டு துரை பேரைத்தான் எழுதினாராம். இருந்துட்டுப் போகட்டும். எங்க மலையில ஆடு அந்த ஊதாப் பூ பக்கம் திரும்பினா இன்னைக்கும் இதைத்தான் கத்துவோம்:

"அங்க சடைச்சி நிக்கிறா, ஆட்டைத் திருப்பு."