வோல்டேஜ் சீரான பிறகும் மங்கிய விளக்கு

மேலே எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது ஐம்பத்திரண்டு. வீட்டிலேயே மோட்டார் மெஷினில் துணி தைத்துக் கொடுக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்து, அங்கேயே தங்கியிருந்து இறந்துபோனவர் என் உடன்பிறந்த அண்ணன். ஒட்டின வீட்டில் இருந்துகொண்டு இத்தனை நாள் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று போலீஸ் ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன்.

அப்பா வீட்டைப் பிரித்ததில் மனத்தாங்கல் வந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் வெல்டிங் வைத்தால் வோல்டேஜ் இறங்கித் தெருவில் எல்லா வீட்டு விளக்கும் மங்கும். இரண்டு தடவை சின்னதாகத் தொட்டுவிட்டு மூன்றாவதை நீளமாக இழுப்பது அவர் கைப்பழக்கம். என் விளக்கும் அப்படியே மங்கும், மெஷின் திணறும், நூல் அறும். நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனாலும் மனுஷன் நன்றாகத்தான் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

அதன் பிறகு வோல்டேஜ் போதவில்லை என்று தெருவில் எல்லோரும் மனுக் கொடுத்தோம். முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். மின்சார ஆபீஸ்காரர்கள் வந்து புது டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, தடித்த கம்பி இழுத்து, வீட்டு இணைப்புகளை அதற்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு எந்த வீட்டிலும் விளக்கு மங்கவில்லை. என் வீட்டில் மட்டும் தினமும் மங்கியது. இரண்டு சின்னது, ஒன்று நீளம். மெஷின் திணறவில்லை, நூலும் அறவில்லை, விளக்கு மட்டும் மங்கியது. நாற்றம் வந்ததற்கு எலி செத்திருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினேன்.

அதன் பிறகு லைன்மேனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு மங்கியது. மீட்டரில் எண் அசையவில்லை.

"வோல்டேஜ் சுத்தமா இருக்குக்கா. கண் டாக்டரைப் பாருங்க" என்று சிரித்தார்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்துல வெல்டிங் வைக்கிறாரு, அதான்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "பட்டறைக்கு இன்னும் கரண்டே கொடுக்கலியேக்கா. கம்பி மாத்தின அன்னிக்குத் தட்டித் தட்டிப் பார்த்தோம், யாரும் திறக்கல. ஒயரைக் கழட்டிக் கட்டி வெச்சுட்டுப் போயிட்டோம்."

வெளியே வந்து பார்த்தேன். பட்டறை ஒயர் கம்பத்தில் சுருட்டிக் கட்டித் தொங்கியது. அதன் பிறகு லைன்மேன் கதவை உடைத்தார். அண்ணன் எங்கள் இருவருக்கும் பொதுவான சுவரை ஒட்டி விழுந்து கிடந்தார். கம்பி மாற்றிய நாளுக்கு முன்பே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

"லைன்ல ஏதோ கோளாறுன்னு எழுதிக்கிறேம்மா. உங்க மேல யாரும் குறை சொல்ல மாட்டாங்க" என்று ஐயா சொன்னார். வேண்டாம் என்றேன். லைனில் கோளாறு இல்லை. என் அண்ணன் தினமும் என்னைக் கூப்பிட்டார். நான் போகாமல் தைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே எழுதச் சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொன்னதில் பொய் இல்லை.

ஒப்பம்,
இறந்தவரின் தங்கை