ஆணி இல்லாத ஸ்டூல்

இடிச்சிருச்சாக்கா? ஐயோ, மன்னிச்சுக்கோங்க. டிரைவர் பிரேக் போட்டா இது மடியில நிக்க மாட்டேங்குது. இப்படித் திருப்பி வச்சுக்கறேன். ம், இப்ப காலு யாரையும் குத்தாது. ஸ்டூலோட காலைச் சொன்னேன்.

கடையிலயா? கடையில வாங்கினதை யாராவது இப்படிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வருவாங்களா! நானே செஞ்சது. சத்தியமா. மெஷின் எதுவும் கிடையாது. ரம்பம், உளி, இழைப்புளி, அவ்ளோதான். ஒரு ஆணிகூட இல்ல, வேணா தடவிப் பாருங்க. காலுல துளை போட்டு, பலகை நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, உள்ள செருகியிருக்கேன். ரெண்டு படி. ஏறி நிக்கலாம். ஆடுமாவா? லேசா ஆடும். கேட்டா தரை சரியில்லன்னு சொல்லிருவேன்.

மரவேலைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லக்கா. பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறேன். அடுத்தது யாருன்னு வாசல்ல வந்து பேர் கூப்பிடுவாங்கல்ல, அது நான்தான். இதுல போய் மாட்டினதே ஒரு ஆளை வேவு பாக்கத்தான்.

வேவுதான், சிரிக்காதீங்க! வீட்டுல கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. தங்கமானவரு, தங்கமானவருன்னு எங்கம்மா ஒரே புராணம். எங்கம்மாவுக்கு எல்லாருமே தங்கம்தான். பழைய பேப்பர் எடுக்க வந்து எடையில ஏமாத்தினவனையே தங்கமான பையன்னாங்க. போட்டோ காட்டினாங்க. போட்டோவுல யாருதான்க்கா கெட்டவன்? இப்படியே இருக்கும்போது, அவரு சாயந்தரத்துல மரவேலை வகுப்புக்குப் போறாருன்னு அம்மா வாய் தவறிச் சொல்லிட்டாங்க. மறுநாளே நானும் போய்ச் சேர்ந்துட்டேன். யாருன்னு சொல்லல.

ஒரு பள்ளிக்கூடத்துப் பின்கட்டு ரூம். மேஜைக்கு ரெண்டு பேர். நான் நேரா போய் அவரு மேஜையிலயே நின்னுக்கிட்டேன். முதல்ல எல்லாரும் ஸ்டூல்தான் செய்யணும்னாங்க டீச்சரம்மா. அந்தம்மா குரல் இருக்கே, ரம்பம் தோத்துரும்.

எனக்கு ஸ்டூலா முக்கியம்? அந்த ஆளுக்குக் கோவம் வருதான்னு பாக்கணும். அவரு அந்தப் பக்கம் திரும்புற நேரம் பாத்து அவரு பென்சிலை எடுத்து என் பையில போட்டுக்குவேன். தேடுவாரு. காதுல தடவுவாரு, மேஜைக்கு அடியில குனிவாரு, மரத்தூளைக் கிளறுவாரு. வாயில ஒரு வார்த்தை வராது. அடுத்த வகுப்புக்கு ஒரு கட்டுப் பென்சில் வாங்கிட்டு வந்து, பாதியை என் பக்கம் தள்றாரு! உங்களுக்கும் நிறைய தேவைப்படுது போலன்னு. எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னே தெரியல.

வேலையில எப்படின்னா... அதை ஏன் கேக்கறீங்க! காலுல பசை தடவி, பலகையைச் செருகி, ரெண்டு பக்கமும் இரும்புப் பிடி மாட்டி இறுக்கி முறுக்கி வச்சுட்டு, தண்ணி குடிக்கலாம்னு கிளம்பினா மனுஷனால நகர முடியல. சட்டைக் கை உள்ள மாட்டிக்கிச்சு! தளர்த்தினா பிடிச்சது விட்டுரும்னு, கத்தரி கேட்டு வாங்கி சட்டையை வெட்டிட்டாரு. அன்னைக்குப் பூரா ஒரு கை முழுசு, ஒரு கை அரை. நான் சிரிச்ச சிரிப்புல டீச்சரம்மா, வெளிய போய் சிரிச்சு முடிச்சுட்டு வான்னுட்டாங்க. அந்தத் துணி இன்னும் அவரு ஸ்டூல்லேருந்து நாக்கை நீட்டுது.

ஆனா என் மனசு மாறினது எப்பன்னா, உளி வழுக்கி இந்த விரல்ல இறங்கிருச்சு. தழும்பு தெரியுதா? ரத்தமான ரத்தம். அவரு பார்த்தாரு. கண்ணைச் சிமிட்டினாரு. அப்படியே மரத்தூள் மேல சரிஞ்சுட்டாரு. ஆமாக்கா, அவருதான்! லிஃப்ட் குழிக்குள்ள அந்தரத்துல தொங்கிக்கிட்டு ஸ்குரு முடுக்கற ஆளு! வெட்டுப்பட்டவ நான், ஒரு கையில துணியைச் சுத்திக்கிட்டு இன்னொரு கையால அவருக்குத் தண்ணி தெளிக்கறேன். நினைவு வந்துச்சு. மீசையெல்லாம் தூளு. எனக்கு என்னாச்சுன்னு கேக்கல. விரல் எப்படியிருக்குன்னாரு. கண்ணைத் திறக்காமலே கேக்கறாரு, திறந்தா மறுபடி விழுந்துருவோம்னு பயம்!

போதும்னு தோணிருச்சுக்கா. இந்த ஆளு போதும். கையில கட்டோட வீட்டுக்குப் போய், முடிச்சிரலாம்மான்னேன். எங்கம்மா என் கையைப் பாத்து அழறாங்களா, நான் சொன்னதைக் கேட்டு அழறாங்களான்னு எனக்கே புரியல.

கல்யாணம் இன்னைக்குத்தான்! பதிவு ஆபீஸ்ல. இப்ப அங்கதான் போறேன். என்னது, கல்யாணப் பொண்ணு பஸ்லயான்னா? எந்தப் பொண்ணு?

ஐயய்யோ, எனக்கில்லக்கா! பாருங்க, கத்தின கத்துல பஸ்ஸே திரும்பிப் பாக்குது. கல்யாணம் எங்கம்மாவுக்கு! அவங்க ரெண்டு பேரும் முன்னாடியே போயிட்டாங்க. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா தவறிட்டாரு. அதுலேருந்து அம்மாவுக்கு நான், எனக்கு அம்மா. அவங்க ஆபீஸ் லிஃப்ட் ஒரு நாள் பாதியில நின்னுருச்சு, உள்ள அம்மா மட்டும். சரி பண்ண வந்தவரு, உள்ள இருக்கறவங்க பயந்துரக் கூடாதுன்னு கதவுக்கு வெளிய இருந்தே பேசிக்கிட்டே வேலை பாத்தாராம். கதவு திறந்துச்சு, பேச்சு நிக்கல. வேற என்ன?

நான் யாருன்னு அவருக்கு முதல் நாளே தெரியுமாம்க்கா! உங்கம்மா மாதிரியே முறைக்கிறே, தெரியாமயா போகும்னு நேத்துதான் சொல்றாரு. சரியான அமுக்குணி! எங்கம்மாகிட்டயும் மூச்சு விடல.

இந்த ஸ்டூல் எதுக்குன்னு கேக்கறீங்களா? எங்கம்மா என் தோளுக்குக்கூட வரமாட்டாங்க. மனு குடுக்கப் போனப்ப அந்த ஆபீஸ் கவுண்டர் அவங்க மூக்கு உசரத்துக்கு இருந்துச்சு. எக்கி எக்கிக் கையெழுத்துப் போட்டாங்க. கல்யாணக் கையெழுத்தையும் அப்படியா போடறது? ஏறி நின்னு மகாராணி மாதிரி போடட்டும்.

ஆமா, நீங்க எங்க இறங்கணும்? கடைசி ஸ்டாப்பா. அவசர வேலை ஒண்ணும் இல்லையே? இல்ல... மூணு சாட்சி வேணுமாம். ஒண்ணு நான், ஒண்ணு அவரு கூட வேலை பாக்கறவரு. மூணாவதா வர்றேன்னு சொன்ன டீச்சரம்மாவுக்குக் காலையிலேருந்து காய்ச்சல். உங்க அடையாள அட்டை பையிலதான் இருக்கா? சும்மா கேட்டேன். எந்திரிங்கக்கா, அடுத்த ஸ்டாப்புதான். இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. பொண்ணு மாப்பிள்ளையைப் பத்தி ஒண்ணும் தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடறதா? ஏன்க்கா, ஏறினதுலேருந்து நான் வேற என்னதான் சொல்லிட்டு வர்றேன்!