வேதத்துக்கு ஒரு டிக்கெட்

அந்தச் சனிக்கிழமை, நிரம்பி வழிந்த திருச்செந்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர்கள்: கண்டக்டர், சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், அவர் மருமகள். மருமகள் தன் பக்கத்துச் சீட்டில் புது வேதப்புத்தகத்தை வைத்திருந்தாள்.

“வேதத்துக்கும் ஒரு டிக்கெட் குடுங்க அண்ணாச்சி.”

“புஸ்தகத்துக்கா? மடியில வைங்கம்மா. ஒங்க மாமனார் நிக்காரு.”

“நிக்கட்டும். இது சர்வேசுரன் பேச்சு. மாமா பேச்சுக்கு மேல.”

பெரியவர் கத்தினார்.

“ஏளா, சாளை மீன் கரையோரம் குமிஞ்சு கெடக்கு. நாளைக்கு வள்ளம் எறக்குனா வட்டிக்காரன் வாய அடைச்சிரலாம். நீ ஞாயித்துக்கெழமைன்னு மறிக்க!”

“ஓய்வு நாள்னு இதுலல்லா எழுதியிருக்கு மாமா. சரி, எறக்குங்க. இத வள்ளத்துக்கு முன்னால வைப்பேன். தாண்டிப் போங்க.”

பெரியவர் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

“வேதத்தத் தாண்டச் சொல்லுதாளே! எவன் தாண்டுவான்? வள்ளம் கரையிலயே கெடக்கட்டும். சர்வேசுரனுக்குத் தோத்திரம்! வேதத்துக்கு டிக்கெட் நான் எடுக்கேன்!”

எண்பது பைசா டிக்கெட்டுக்கு ஐந்து ரூபாயை நீட்டினார். ஊர் வந்ததும் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

“அண்ணாச்சி, பாக்கி!” என்று கண்டக்டர் கூவினார். பெரியவர் திரும்பவே இல்லை.

நாலு ரூபாய் இருபது பைசா.