வாவியைக் கடந்த ஆடு

சண்டை முடிந்த அடுத்த வருடம், மட்டக்களப்பு பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த காத்தான்குடிக்காரர் சத்தமாகச் சொன்னார்: "தங்கச்சி, உங்கட ஆடு நேற்று வாவியைக் கடந்து எங்கட வீட்டுக்கு வந்திட்டு. தலை மட்டும் வரல்ல!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் பக்கத்தில் இருந்த, வாவிக்கு அக்கரை வெல்லாவெளிப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"படம் துண்டு துண்டாத்தான் வரும், நானா. உங்கட ஏரியல் தென்னைக்குக் கீழ நிக்குது. உசத்துங்க," என்றாள். காத்தான்குடியில் அண்ணனை நானா என்பார்கள்.

இருவரும் அமெச்சூர் வானொலிக்காரர்கள். ஊருக்கு ஊர் ஏரியல் கம்பம் நட்டு, போன் கம்பெனி இல்லாமலே கம்ப்யூட்டர்களை இணைக்கிறார்கள் என்று பேச்சில் விளங்கியது.

"முந்தி செய்தி அனுப்புற ரேடியோ வச்சிருந்தாலே புடிச்சிட்டுப் போயிருப்பாங்க. இப்ப ஆட்டுப் படம் அனுப்புறம்!" என்றார் அவர்.

பிறகு அவர் குரல் தணிந்தது. "சுனாமி வந்த அண்டு போன் ஒண்டும் வேலை செய்யல்ல. உம்மா பள்ளிவாசல்ல பத்திரமா இருந்திருக்கா. நான் கரையில கிடந்த மையித்துகளுக்குள்ள அவட முகத்தைத் தேடித் திரிஞ்சன். இனி ஒரு கம்பத்தைக் கடல் கொண்டு போனா?"

"செய்தி மத்தக் கம்பத்தால சுத்தி வரும். அப்பிடித்தான் அமைச்சிருக்கன்."

"கட்டாயம் வருமா?"

"வரும் நானா, உங்கட கம்பம் உசந்தா."

அவர் எழுந்து மணியை அடித்தார்.

"டவுன் இன்னும் வரல்ல, நானா!"

"இரும்புக் குழாய்க் கடை வந்திட்டு!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினார்.