முன்னால நடக்கறவ

அந்த சேர் வேண்டாம்மா, அதுக்கு ஒரு கால் ஆட்டம். கட்டில்லயே உக்காரு. ஸ்லீப்பிங் பேக்தானே, அது மேலயே உக்காரு, அது என்ன கண்ணாடியா உடைய? அக்கா ஸ்டவ்வுக்கு கேஸ் வாங்கப் போயிருக்கா. கடை தெருமுனையிலதான். ஆனா ஒரு சாமான் வாங்கறதுக்குள்ள கடைக்காரரு கடையை மூடிட்டு ஓடற அளவுக்குக் கேள்வி கேப்பா. உனக்குத் தெரியாததா, ஒரே ஆபீஸ்தானே.

என் காலைப் பாக்காத. பாத்தா எனக்கே அழுகை வருது. வருஷாவருஷம் மலை ஏறி இறங்கினவ, ஒரு கீறல் பட்டதில்ல. பேங்க் மாடிப்படில, அதுவும் கடைசிப் படில, முட்டி திரும்பி ஜவ்வு கிழிஞ்சு போச்சு. எப்படி ஆச்சுன்னு கேட்டுட்டு டாக்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கே!

சரி, விஷயத்துக்கு வரேன். அந்த மலைப் பாதை முழுசும் நடக்கணும்னா மாசக்கணக்குல ஆகும். நமக்கு யாரு அவ்வளவு லீவு குடுக்கறா? அதான் வருஷத்துக்கு ஒரு வாரம், ஒரு துண்டு. போன வருஷம் நானும் அக்காவும் எந்தப் பாலத்துல நிறுத்தினோமோ அங்கேருந்து இப்ப ஆரம்பம், எனக்குப் பதிலா நீ.

டென்ட்டை ரெண்டாப் பிரிச்சுத் தூக்கணும். துணி அக்கா பையில. கம்பியும் ஆணியும் உன் பையில, இதோ இந்த நீளமான உறை. முதல் வருஷம் நடந்த கூத்து தெரியுமா? துணியை அவ எடுத்துக்கிட்டான்னு நான் நெனச்சேன். நான் எடுத்துக்கிட்டேன்னு அவ நெனச்சா. மலை மேல போய்ப் பிரிச்சா வெறும் கம்பி. துணி வீட்டு பால்கனிக் கொடியில ஜம்முனு காயுது. ரெண்டு பேரும் மழைக் கோட்டைப் போத்திக்கிட்டு, நனைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருந்தோம். அதுலேருந்து ஒரு வழக்கம். காலைல கிளம்பறப்ப அவ துணின்னு கத்துவா, நான் கம்பின்னு கத்தணும். இனிமே நீ கத்து. வெக்கப்படாத, அங்க கேக்க யாரு இருக்கா.

அது டூத் பிரஷ்தான். அக்காதான் பிடியைப் பாதியா வெட்டிட்டா, பாரம் குறையுதாம். அவ்வளவு கறாராப் பேசறவ, பைக்குள்ள வறுத்த கடலை ஒரு மூட்டை வச்சிருக்கா. கேட்டா, அது திங்கத் திங்கக் குறைஞ்சிடும்கறா.

ம்? அந்தக் கயிறா? நல்லாப் பாக்கற நீ. ஆமா, ஒவ்வொரு ஜிப்புலயும் கட்டியிருக்கா. ஒரு முடிச்சுன்னா டார்ச், ரெண்டு முடிச்சுன்னா மருந்து, மூணுன்னா மாத்துச் சாக்ஸ். ஒரு வாரமா இதே வேலை. பையை மடியில வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, ஒண்ணொண்ணா எடுப்பா, திரும்ப வைப்பா. நான் வாசல்ல நின்னு பாத்துட்டு, சத்தம் போடாமத் திரும்பிப் போயிடுவேன்.

உன்னைப் பத்தி அவ என்ன சொன்னா தெரியுமா? ரொம்ப அமைதியான பொண்ணு, இந்த வருஷமாவது என் காதுக்கு லீவுன்னா. எனக்கு வாய் ஓயாதுன்னு ஆபீஸ் பூராச் சொல்லி வச்சிருப்பாளே. சொல்லியிருக்காளா? ஐயோ. மலை ஏறறப்பவும் கல்லைத் திட்டுவா, மரத்தைத் திட்டுவான்னு சொன்னாளா? சொல்லட்டும். அப்படியே நெனச்சுக்கட்டும்.

போகாதக்கான்னு சொல்லிப் பாத்தேன். அடுத்த வருஷம் என் கால் சரியாயிடும், சேந்து போலாம்னேன். அடுத்த வருஷம் எனக்கு...ன்னு ஆரம்பிச்சா, அப்படியே நிறுத்திட்டு சாக்ஸை மடிக்க ஆரம்பிச்சுட்டா. கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு நாள் சாப்பிடாமக்கூட இருந்தேன். அவ என் தட்டையும் சேத்துச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

இங்க பாரு, அவ வர்றதுக்குள்ள சொல்லிடறேன். நீதான் எப்பவும் முன்னால நடக்கணும். அவ உன் பின்னாடி வரட்டும். வழியில வேர் இருந்தா வேர் இருக்குன்னு நேராச் சொல்லிடாத. கோவம் வந்துரும், அப்புறம் வேணும்னே வேற பக்கம் நடப்பா. சனியன் பிடிச்ச வேரு, என் காலை வாருதுன்னு நீயாப் புலம்பணும். கிளை தாழ்ந்திருந்தா, ஐயோ என் மண்டைன்னு கத்து, இடிக்காட்டியும் பரவாயில்ல. ஓடை வந்தா, முதல் கல்லு வழுக்குதே, இந்தப் படுபாவிக் கல்லைப் போட்டவன் எவன்னு திட்டிக்கிட்டே தாண்டு. போன ரெண்டு வருஷமும் என் திட்டைக் கேட்டுத்தான் அவ நடந்தா.

அவளுக்குப் பார்வை சுருங்கிக்கிட்டே வருதும்மா. குழாய் வழியாப் பாக்கற மாதிரி நேரா இருக்கறது மட்டும்தான் தெரியும். ஓரத்துல ஒண்ணும் தெரியாது, மர நிழல்ல அதுவும் இல்ல. வைத்தியம் எதுவும் இல்லைனுட்டாங்க. எங்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னா, அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டா. உங்கிட்ட சொன்னது தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்க மாட்டா. ஆனா தெரியாம உன்னை அனுப்பறதும் பாவமில்லையா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. நான் தப்பா நெனைக்க மாட்டேன். நிஜமா.

தலையாட்டினா எப்படிம்மா? அங்க அவ அதைப் பாக்க மாட்டாளே.

லிஃப்ட் சத்தம் கேக்குதா? இல்ல, எதிர் வீட்டுக்கு. சரி, எந்திரி. தரையெல்லாம் சாமான் கிடக்கு பாரு, பழகிப் பாக்க அதுவே போதும். அந்தக் கைத்தடியை இப்படிக் குடு. நான் கண்ணை மூடிக்கிட்டு உன் பின்னாடி வரேன். நீ முன்னால கதவு வரைக்கும் நட.

ம், நடந்துட்டியா? எந்தப் பக்கம் இருக்க?

பேசும்மா. எதையாவது திட்டு.